டம்ளரில் ஒரு ரூபாய்

காலை ஒன்பதுக்கும் மாலை நாலுக்கும்
தடுப்பூசிப் பெட்டியின் வெப்பமானியைப் பார்த்துப்
பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவள் நான்.
இரண்டுக்குக் கீழே இறங்கக் கூடாது,
எட்டுக்கு மேலே ஏறக் கூடாது.
உறையக் கூடாத மருந்து உறைந்துவிட்டால்
குலுக்கி வைத்த கொஞ்ச நேரத்தில்
அடியில் திரிதிரியாகப் படியும்.
அந்தக் குப்பியை எந்தத் தொடைக்கும் கொண்டுபோக மாட்டேன்.
பதினோரு வருடமாகக் கட்டபெட்டில் இதுதான் வேலை.

வீட்டு ஃப்ரீசருக்குப் பதிவேடு இல்லை.

பெள்ளிராஜ் மேட்டுப்பாளையத்தில்
உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கு.
சனி இரவு வருவான், திங்கள் விடிகாலை போவான்.
சமைக்க நேரமில்லாத நான்
கோத்தகிரி பஸ் நிலையத்தில் இறங்கி
மெஸ்ஸில் குருமா, பேக்கரியில் சிக்கன் ரோல்,
பாதி வெந்த சப்பாத்தி ஒரு பாக்கெட்.
"ஃப்ரீசர்ல வைக்கலாமா?"
கல்லாவில் இருந்த பையன் சிரித்தான்:
"வச்சா இருக்கும்க்கா."
இருக்கும்.
என்னவாக இருக்கும் என்றுதான் கேட்டேன்.

குருமா நன்றாகவே உறையும்.
சூடு ஆறியதும் சின்னச் சின்ன டப்பாவில் ஊற்றி
மூடியில் தேதி எழுதினால் போதும்.
அதிலுள்ள உருளைக்கிழங்கு மட்டும்
ஈரப் பஞ்சாகத் திரும்பி வரும்.
தட்டின் ஓரத்துக்கு அதைத் தள்ளிவிட்டு
"இதையா மூட்டை மூட்டையா ஏலம் விடறோம்?" என்பான்.
அவித்த முட்டையின் வெள்ளை, ரப்பர்.
தயிர்ப் பச்சடி
குலுக்காமலே பிரிந்து
கெட்ட குப்பி மாதிரி என்னைப் பார்த்தது.

ரோலைப் பற்றி பேக்கரி மஜீது பாயிடம் கேட்டதற்கு
"காலைல போட்டதும்மா" என்றார் முகம் சிவந்து.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"கறி மட்டும் கோயம்புத்தூர்லேருந்து ஐஸ்ல வந்தது."
வெந்த பிறகு பரவாயில்லை பாய்,
வேகாமலே உருகி மறுபடி உறைந்தால்தான் வம்பு.

"ஜனவரியில வெளியவே வச்சிடலாமே" என்பான் பெள்ளிராஜ்.
கொழுந்து கருகுகிற குளிர்தான்.
பத்து மணிக்கு வெயில் வந்துவிடுமே.

ஃப்ரீசர் மூலையில்
ஒரு டம்ளர் பனிக்கட்டி,
அதன் தலையில் ஒரு ரூபாய்.
பயிற்சி முகாமில் டீ குடிக்கும்போது
யாரோ சொல்லிக்கொடுத்தது.

நவம்பர் காற்றில்
கற்பூரமரம் ஒன்று மின்கம்பிமேல் சாய்ந்தது.
இரண்டு இரவு.
சுகாதார நிலையத்தின் ஜெனரேட்டர் பக்கத்திலேயே
ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராக உட்கார்ந்திருந்தேன்.
ஒரு குப்பியும் கெடவில்லை.
மூன்றாம் நாள் கரண்ட் வந்து,
அடுத்த நாள்தான் என் வீட்டுக் கதவைத் திறந்தேன்.
எல்லாம் அப்படியே இருந்தது.
குருமா கல். ரோல் கல்.
மூடிகளில் என் கையெழுத்து, நல்ல தேதிகள்.
ரூபாய் மட்டும்
டம்ளரின் அடியில், பனிக்குள், தலை மேலாக.

சனிக்கிழமை அவன் டப்பாவைத் தரையில் தட்டினான்.
"டங்குன்னு கேக்குது. இதுக்கென்ன?"
டம்ளரை விளக்குக்கு நேரே தூக்கிக் காட்டினேன்.
"நான் சொல்றதை விட்டுட்டு
ஒரு ரூபாய் சொல்றதைக் கேக்கறே?"
"ஆமா."

தேயிலைக்குப் பின்னால் இரண்டடிக் குழி.
வெளியே போட்டால் கரடி வரும்.
புதைத்தாலும் வந்தது.
விடிந்து பார்த்தால்
கழுவ வேண்டாத அளவுக்கு நக்கிய டப்பாக்கள்.
ஞாயிறு இரவும் வந்து
குழியோரம் குந்தி,
இவ்வளவுதானா என்று மண்ணை முகர்ந்து
நல்ல ஆரோக்கியமாக நடந்து போனது.

ஜன்னலில் பெள்ளிராஜ் குதித்தான்:
"பாத்தியா, ஒண்ணும் ஆகல!"
"கரடிக்கு என் பதிவேட்டுல பத்தி இல்ல."

காலி ஃப்ரீசரில் புதுத் தண்ணீர் வைத்தேன்.
விடியற்காலை நாலரை, முதல் பஸ்ஸுக்கு முன்
அவனே கதவைத் திறந்து, விரலால் தட்டிப் பார்த்து,
சட்டைப் பையைத் துழாவினான்.
"ரெண்டு ரூபாதான் இருக்கு.
கனமா இருந்தா சீக்கிரம் முழுகுமோ?"
தெரியாது என்றேன்.
வைத்துவிட்டுப் போனான்.